பொதுப் படிப்பு நீங்கலாக

மார்பெக் மேல்நிலைப் பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு அனுப்புமுன் பிள்ளைகளை இரண்டு வருடம் ஊறப்போட்டு வைக்கும் பிரிவில், யாரும் தங்களுக்குப் பிடித்த மூன்று பாடங்களை எடுத்துப் படிக்கலாம். நான்காவதாக ஒரு பாடம் உண்டு. அது எல்லோருக்கும் பிடித்தே ஆகவேண்டும். அதற்குப் பொதுப் படிப்பு என்று பெயர்.

எதைப் பற்றிய படிப்பு என்று கேட்டால் ‘எல்லாவற்றையும் பற்றியது’ என்று கையேட்டில் போட்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லித்தர ஓர் ஆசிரியருக்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் எங்கே போவது? அதனால் அந்தந்த மணி நேரத்தில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களே நடத்தினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் ஷட்டில்வொர்த் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே இத்தாலிய ஓபரா நடத்தினார். தச்சுப் பட்டறை ஆசிரியருக்குக் கருணைக்கொலை ஒதுக்கப்பட்டது. அணு உலையைப் பிரெஞ்சு டீச்சரிடம் கொடுத்திருந்தார்கள். பாவம், அந்த அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உலையை விளக்கினார்.

இந்தப் பாடத்தில் மெரியல் ஆஷ்வொர்த்துக்கு முதலில் வெறுப்பு ஒன்றும் இருக்கவில்லை. மழை மாதிரி அதுவும் ஊரில் உள்ளது என்று விட்டிருந்தாள். ஜனவரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. வேதியியலில் ஏ, உயிரியலில் ஏ, கணிதத்தில் பி வாங்கினால் இடம் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே தனி வரியாக, ‘பொதுப் படிப்பு நீங்கலாக’ என்றும் இருந்தது. அதில் என்ன வாங்கினாலும் கணக்கில் சேராது, எங்களுக்கு அனுப்பவும் வேண்டாம் என்று அர்த்தம்.

மெரியல் பதினாலு வயதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் கூண்டு கழுவுகிறவள். போன வசந்தத்தில் ஈனமுடியாமல் தவித்த ஆட்டுக்குள் முழங்கை வரை கைவிட்டுக் குட்டியைத் திருப்பியிருக்கிறாள். அவளுக்கு வேறு வேலை எதுவும் மனதில் இல்லை. உயிரியலும் கணிதமும் அவளுக்குப் பயமில்லை. வேதியியல்தான் இழுபறி. ஒருநாள் ஏ வரும், மறுநாள் பி வரும். வேதியியல் ஆசிரியர் ஆக்டன் நல்ல மனிதர். வகுப்பில் இருந்த ஒன்பது பேருமே இழுபறிக்காரர்கள் என்பதால், எல்லோருக்கும் புதன் பிற்பகலில் தனி வகுப்பு எடுக்கிறேன் என்றார். புதன் பிற்பகல் இரண்டு மணி நேரமும் பொதுப் படிப்பு.

“போய்க் கேளேன், விட்டுருவாங்க,” என்றாள் தோழி நௌரீன். அவளும் அந்த ஒன்பதில் ஒருத்தி. “எனக்கும் சேத்துக் கேளு. நேத்து ஷட்டில்வொர்த் சார் என்னை எழுப்பி நிறுத்தி, இஸ்லாம் கலையைப் பத்தி என்ன நினைக்குதுன்னு கேக்கறாரு. நான் எப்படிடி சொல்வேன்? எங்கப்பா டாக்ஸி ஓட்றாரு. அவரு கலையைப் பத்தி என்ன நினைக்கறாருன்னே எனக்குத் தெரியாது.”

“நீ என்ன சொன்ன?”

“ஆதரவாத்தான் இருக்குன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு.”

பொதுப் படிப்பின் ஒருங்கிணைப்பாளர் மிஸ் டனிக்ளிஃப். பள்ளியிலேயே அந்தப் பாடத்தை மனதார நம்பிய ஒரே ஜீவன் அவர்தான். மெரியலை உட்காரவைத்து, பிஸ்கட் டப்பாவை நீட்டி, முழுக்கக் கேட்டார்.

“மெரியல் கண்ணு, நீ கேக்கறது நியாயந்தான். ஆனா ஒண்ணு யோசி. நாளைக்கு நீ ஒரு மாட்டுக்கு வைத்தியம் பண்ற. வேதியியல் தெரிஞ்ச டாக்டர் மாட்டை மட்டுந்தான் பாப்பா. பொதுப் படிப்பு படிச்சவ மாட்டைச் சுத்தி இருக்கற சமுதாயத்தையும் பாப்பா.”

“மாடு வயிறு உப்பிக் கெடக்கும் மிஸ்.”

“அதேதான். ஏன் உப்பிச்சு? ஐரோப்பிய வேளாண் கொள்கை! பாரு, எவ்வளவு சுலபமா வந்துட்டோம்.”

பாடத்தை விட வழியே இல்லை என்று மிஸ் டனிக்ளிஃப் சொல்லவில்லை. வழி இருந்தது. விலக்கு விண்ணப்பம் என்று ஒரு படிவம். அதோடு, தான் ஏன் பொதுப் படிப்பிலிருந்து விலகவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி இணைக்கவேண்டும். இரு தரப்பு நியாயமும் சொல்லவேண்டும். முடிவுரை வேண்டும்.

மெரியல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினாள். நௌரீனுக்கு வேறு யோசனை. பஸ்ஸிலேயே ஐந்து வரி கிறுக்கி, முடிவுரை போடாமல், நடுவில் ஒரு வாத்துப் படமும் வரைந்து கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டும் திரும்பி வந்தன. மெரியலுக்கு முப்பதுக்கு இருபத்தேழு. ‘சிறப்பான சமநிலை! இவ்வளவு திறமையுள்ளவளை இந்தப் பாடம் இழக்கக்கூடாது. விலக்கு மறுக்கப்படுகிறது’ என்று பச்சை மையில் எழுதியிருந்தது. நௌரீனுக்கு முப்பதுக்கு ஆறு. ‘உனக்கு இந்தப் பாடம் எவ்வளவு தேவை என்பதற்கு இதுவே சாட்சி. விலக்கு மறுக்கப்படுகிறது.’

“வாத்துக்கு மட்டும் ரெண்டு மார்க் குடுத்திருக்காங்க,” என்றாள் நௌரீன்.

மெரியலுக்குச் சிரிப்பு வரவில்லை. மார்ச் மாதம் பிறந்திருந்தது. மாதிரித் தேர்வில் வேதியியல் மறுபடி பி. அடுத்த புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஆய்வகத்துக்குப் போய் ஆக்டன் சார் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த புதனும் போனாள். மூன்றாம் புதன் தலைமையாசிரியரிடமிருந்து வீட்டுக்குக் கடிதம் போயிற்று.

அம்மா ‘பை’ என்னும் இறைச்சிப் பண்டம் சுட்டு விற்கும் கடையில் வேலை செய்கிறவள். கடை மேலங்கியைக்கூடக் கழற்றாமல், மாவு ஒட்டிய கையோடு நேரே பள்ளிக்கு வந்துவிட்டாள். தலைமையாசிரியர் திரு. பாட்டிங்கர் எழுந்து நின்று வரவேற்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

“திருமதி ஆஷ்வொர்த், உங்க பொண்ணு நல்ல பொண்ணு. அவ மேல எனக்குக் கோபமே இல்ல. வருத்தந்தான். வருகைப் பதிவு தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா பரீட்சைக்குப் பேர் அனுப்பமாட்டோம். அது விதி.”

“பொதுப் படிப்புப் பரீட்சைக்குத்தானே? அனுப்பவேணாம். நல்லதாப் போச்சு,” என்றாள் அம்மா.

“எந்தப் பரீட்சைக்கும் அனுப்பமாட்டோம்மா. வேதியியலுக்கும் சேத்து.”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

“காலேஜ்ல இந்தப் பாடத்தை எடுத்துக்கவே மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார்,” என்றாள் மெரியல். “எனக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல.”

“தெரியுமே!” திரு. பாட்டிங்கர் முகம் மலர்ந்தது. “எந்தக் காலேஜுமே எடுத்துக்கறதில்ல. அது எனக்குத் தெரியாதா? ஆனா பட்டியல் எடுத்துக்குது. பள்ளிகளோட தரவரிசைப் பட்டியல். பொதுப் படிப்புல நீ ஒரு ஏ வாங்கினா, வேதியியல்ல வாங்கின ஏ-வுக்கு என்ன புள்ளியோ அதே புள்ளி. பட்டியலுக்குப் பேதம் கெடையாது. அதுதான் அதோட அழகு. நூத்தி நாப்பத்தி மூணு பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு பாடம் கூடுதலா எழுதறீங்க. புது லேப் வேணாம், புது வாத்தியார் வேணாம். நான் வந்தப்போ நாம முந்நூத்தி எம்பத்தெட்டாவது இடம். இப்போ இருநூத்திப் பதினொண்ணு.” சுவரில் இருந்த கோட்டை விரலால் தடவிக் காட்டினார். “இதுக்காக நான் ராப்பகலா ஒழைச்சிருக்கேன்மா.”

“அப்போ இந்தப் பாடம் யாருக்குங்க? பிள்ளைங்களுக்கா, ஒங்களுக்கா?”

“பிரமாதம்!” திரு. பாட்டிங்கர் உடனே ஒரு காகிதத்தை இழுத்து எழுதிக்கொண்டார். “அருமையான கேள்வி. கல்வி யாருக்கானது, விவாதிக்க. இது பரீட்சையிலயே வரலாம். பாத்தியா மெரியல்? இந்தத் திறமை ஒங்க குடும்பத்துலயே இருக்கு.”

வெளியே வந்ததும் அம்மா கார் கதவைத் திறக்காமல் பள்ளிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். “ஒரு ஆள் நம்மள ஏமாத்தினா சண்டை போடலாம். இவன் எல்லாத்தையும் நெசமாச் சொல்லிட்டு சிரிக்கறான். இவன்கிட்ட என்னத்தப் போட்டு அடிக்கறது?” என்றாள். மெரியல் அடுத்த புதனிலிருந்து ஒழுங்காக ஓபராவுக்குப் போனாள்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய தேவையே இருந்திருக்காது. மே மாதம் பரீட்சை அட்டவணை வந்தது. ஜூன் பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு வேதியியல் இறுதித் தாள். அதே ஜூன் பதினான்காம் தேதி, அதே காலை, அதே ஒன்பது மணிக்குப் பொதுப் படிப்பு முதல் தாள்.

இரண்டு பரீட்சைகள் மோதிக்கொண்டால் எங்கள் நாட்டில் அதற்கு முறை இருக்கிறது. காலையில் ஒன்றை எழுதவேண்டும். எழுதி முடித்ததும், வெளியே யாரோடும் பேசிவிடாதபடி ஓர் அறையில் அடைத்துக் காவல் போடுவார்கள். பிற்பகல் மற்றதை எழுதவைப்பார்கள். தேர்வுப் பொறுப்பாளர் திருமதி க்ராப்ட்ரீயிடம் மெரியல் ஓடினாள்.

“வேதியியல் மொதல்ல எழுதறோம் மிஸ். மத்தியானம் அதை எழுதிக்கறோம்.”

“முடியாதே கண்ணு. அதிகப் பேர் எழுதற பாடந்தான் மொதல்ல. பொதுப் படிப்புக்கு நூத்தி நாப்பத்தி மூணு பேரு, வேதியியலுக்கு ஒம்பது. ஜனநாயகம்.”

“அந்த நூத்தி நாப்பத்தி மூணுல அந்த ஒம்பது பேரும் நாங்கதானே மிஸ்?”

“ஆமா. அதனால ஒங்க ஓட்டும் அந்தப் பக்கந்தான் விழுந்திருக்கு.”

ஜூன் பதினான்கு காலை மெரியல் ஜிம் மண்டபத்தில் உட்கார்ந்தாள். சும்மா பெயரை எழுதிவிட்டு மூன்று மணி நேரம் தலையைச் சாய்த்துக் கிடப்பதுதான் அவள் திட்டம். கையைப் பிற்பகலுக்காகப் பத்திரப்படுத்தவேண்டும். கேள்வித்தாளைத் திருப்பினாள். பாலம் ஒன்றின் படத்தைப் போட்டு இது அழகா என்று கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்வி: ‘ஒரு மாணவரின் நன்மைக்காக அவரைக் கட்டாயப்படுத்தலாமா? விவாதிக்க.’

அந்த நிமிடம் அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவளாலேயே பிறகு சொல்ல முடியவில்லை. பேனாவை எடுத்தாள். ஆறு மாதமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் கொட்டியது. விலக்கு விண்ணப்பம், பச்சை மை, சிவப்புக் கோடு, மாட்டைச் சுற்றியுள்ள சமுதாயம், ஒன்றையும் விடவில்லை. கூடுதல் தாள் வேண்டுமென்று மூன்று முறை கைதூக்கினாள். முடிந்தபோது நடுவிரல் வீங்கியிருந்தது, மனது மட்டும் லேசாக இருந்தது. இனி வேதியியலை ஒரு கை பார்க்கலாம் என்று எழுந்தாள்.

ஒன்பது பேரையும் இசை அறைக்குக் கூட்டிப் போய்த் திருமதி க்ராப்ட்ரீ கதவைப் பூட்டினார். ஒன்றரை மணி நேரம். சமன்பாடுகளை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று மெரியல் குறிப்பேட்டை எடுத்தாள். அதை வாங்கி அலமாரியில் வைத்தார்.

“காவல்ல இருக்கறப்போ பரீட்சை சம்பந்தமான தாள் கையில இருக்கக்கூடாது.”

“வேதியியல் தாளை இன்னும் நாங்க பாக்கவே இல்லையே மிஸ்! எங்களுக்கே தெரியாததை நாங்க யாருக்கு வெளிய விட்ருவோம்?”

“விதி போடறப்போ இதெல்லாம் யோசிக்காமலா போட்டிருப்பாங்க?” என்று திருமதி க்ராப்ட்ரீ சாண்ட்விச் பொட்டலங்களை விநியோகித்தார். அவரும் வெள்ளரிக்காய் சாண்ட்விச் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மிஸ் டனிக்ளிஃப் சுவரில் படம் காட்டும் கருவியும் கையுமாக வந்தார். “ஒம்பது பேர், ஒன்றரை மணி நேரம், எங்கயும் போக முடியாது! இப்படி ஒரு வகுப்பு எனக்கு வாழ்க்கையில கெடைச்சதில்ல,” என்றார். கண் கலங்கியே விட்டது. பொதுப் படிப்பின் இரண்டாம் தாள் மறுநாள். அதற்கான கடைசிப் பயிற்சியாக, நவீன ஓவியத்தின் எழுச்சி என்ற தலைப்பில் எண்பது படங்கள் கொண்டுவந்திருந்தார்.

“மிஸ், கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு மட்டும் வேணாம்,” என்றாள் மெரியல்.

“பயப்படாத கண்ணு. இது பரீட்சை சம்பந்தப்பட்டதுதான், ஆனா வேற பரீட்சை. நான் கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

திரைச்சீலை மூடப்பட்டது. முப்பதாவது படத்தில் நௌரீன் காதோரம் கிசுகிசுத்தாள்: “சன்னல் இடுக்குல பாரு.” வெளியே மழைத்தூறலில் ஆக்டன் சார் குடையில்லாமல் நின்றிருந்தார். பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும். கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். திருமதி க்ராப்ட்ரீ அதைப் பார்த்துவிட்டார். உடனே சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, ‘பன்னிரண்டு ஐம்பத்திரண்டு மணிக்கு ஒரு கட்டைவிரல், வலது’ என்று சம்பவப் பதிவேட்டில் எழுதினார்.

ஒன்றரை மணிக்கு வேதியியல் தொடங்கியது. மெரியலின் கை பாதித் தாளிலேயே விறைத்துவிட்டது. நடுவிரல் பேனாவைப் பிடிக்க மறுத்தது. பென்சீனை நினைத்தால் நீலச் சதுரங்களாக முகம் வரைந்த ஓவியம் வந்து நின்றது. கடைசிக் கேள்வி பதினொரு மார்க். அதற்கு விடை அவளுக்குத் தெரியும். நேரமும் கையும்தான் இல்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் முடிவு வந்த காலை, உணவுக்கூடத்தில் உறையைப் பிரித்தாள். உயிரியல் ஏ. கணிதம் ஏ. வேதியியல் பி, மூன்று மார்க்கில் ஏ தவறியிருந்தது. பொதுப் படிப்பு ஏ.

கல்லூரிக்கு அங்கேயே நின்று தொலைபேசி போட்டாள். அந்தப் பக்கம் பேசிய அம்மாள் தன்மையாகத்தான் பேசினார். “மூணு ஏ இருக்கேம்மா ஒனக்கு. மூணாவது எதுல?” மெரியல் சொன்னாள். “ஐயோ கண்ணு,” என்றார் அந்த அம்மாள். “வேதியியலைத் திரும்ப எழுதிட்டு அடுத்த வருஷம் வா.”

மெரியல் அழுதாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டு அழுதாள். நௌரீனுக்கு வேண்டிய இடம் கிடைத்திருந்தது. அதை வெளியே சொல்லாமல் தோழியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் திரு. பாட்டிங்கர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“எங்க நம்ம ராணி? பொதுப் படிப்புல இந்த மாவட்டத்துக்கே மொதல் மார்க்! ‘கட்டாயத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையான கட்டுரையைப் படித்ததில்லை’ன்னு தேர்வாளரே எழுதியிருக்காரு. இந்தப் பாடம் ஒன்னைச் சுயமா சிந்திக்க வச்சிருச்சு பாத்தியா? நாம நூத்தி எழுபத்தாறுக்கு வந்துட்டோம்!”

“சார், எனக்கு எடம் போயிருச்சு. வேதியியல் மறுபடி எழுதணும். இங்கயே சேத்துக்குவீங்களா?” அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. வேதியியல் நடத்தும் அடுத்த கல்லூரிக்கு மூன்று பஸ் மாறிப் போகவேண்டும்.

“கேக்கணுமா? இது ஒன் வீடு.” சட்டைப்பையிலிருந்து மறுசேர்க்கைப் படிவத்தை எடுத்தார். “வேதியியல் ஒரு பாடம். அப்புறம் சேர்ற எல்லாருக்கும் உள்ளதுதான், பொதுப் படிப்பு.”

“அதுல ஏ வாங்கிட்டேனே சார்!”

“அதான் சொல்றேன். இன்னொரு தடவையும் வாங்குவ. எனக்கு நம்பிக்கை இருக்கு.” பேனாவின் மூடியைத் திறந்தவர், உடனே மூடினார். “மொதல்ல வெளிய வா. பத்திரிகைக்காரர் காத்துட்டிருக்காரு. படம் எடுத்ததும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் ஒரே படம்தான் வரும். மாணவிகள் முடிவுத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆகாயத்தில் துள்ளுவார்கள். மார்பெக் மேல்நிலைப் பள்ளியின் முன்புல்லில் நான்கு பெண்கள் ஏற்கெனவே வரிசையாக நின்றார்கள். மெரியலை நடுவில் நிறுத்தினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கார் வந்து நின்றது. அவள் இறங்கி, மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“மெரியல், வாம்மா. வீட்டுக்குப் போலாம்,” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!” என்றார் படக்காரர். ஐந்து பேரும் குதித்தார்கள். அவர் கருவியின் சின்னத் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “நடுவுல இருக்கற பொண்ணுக்கு மட்டும் மூஞ்சி சரியில்ல. கண்ணு, கொஞ்சம் சந்தோஷமா. கை இன்னும் மேல.”

திரு. பாட்டிங்கர் படக்காரரின் தோளுக்குப் பின்னால், படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினார்.

“வந்துரும்மா!” என்றாள் அம்மா மறுபடி.

“இரும்மா,” என்றாள் மெரியல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் ஒரே தடவை.”

பல்லைக் காட்டி, கையைத் தூக்கி, போன முறையைவிட உயரமாகக் குதித்தாள்.